அடைக்கலமேரியின் வயிற்றில் ஒரு வலை

காசிமேட்டில் அடைக்கலமேரி சிரித்தால் எண்ணூர்க் கழிமுகத்தில் கொக்குகள் எழுந்து பறக்கும். நடுவில் அத்தனை கிலோமீட்டர் இருக்கிறதே என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பல், அந்தச் சிரிப்பைக் கேட்டு வேறொரு கப்பல் கூப்பிடுகிறது என்று எண்ணி, மரியாதைக்குத் தானும் இரண்டு முறை ஊதியது. அதைக் காதால் கேட்டவர்கள் ராயபுரத்தில் இன்னும் நல்ல செவியோடு இருக்கிறார்கள்.

சிரிப்பை விட்டால் அவளுக்கு இன்னொரு பெருமை, இறால் உரிப்பது. வயது ஐம்பத்தாறு. அதில் முப்பத்து நாலு வருஷம் காசிமேட்டு இறால் கொட்டகையில், பலகைமேல் உட்கார்ந்தபடி போயிற்று. தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகு நரம்பை இழுத்தால் முடிந்தது. மூன்று அசைவுக்கும் சேர்த்து ஒரு கண்சிமிட்டு நேரம்தான் ஆகும். தான் உரிக்கப்பட்ட விஷயம் இறாலுக்கே சட்டிக்குப் போன பிறகுதான் தெரியும் என்பார்கள். ஐஸ் தண்ணீரும் உப்பும் இறாலின் கூர்முள்ளும் சேர்ந்து அவளுடைய பத்து விரல்களையும் தேய்த்துத் தேய்த்துக் கூழாங்கல் ஆக்கிவிட்டிருந்தன. விரல் நுனியில் கோடு என்று ஒன்று இருந்த காலத்தை அவளே மறந்துவிட்டாள். இறால் உரிக்க ரேகை எதற்கு?

வினை சிரிப்பில்தான் ஆரம்பித்தது. பக்கத்துப் பலகையில் உட்காருகிற ஃப்ளோரன்ஸ், ஏலக்காரர் ஒருவர் நடப்பதை நண்டு மாதிரி நடந்து காட்டினாள். அடைக்கலமேரி சிரித்தாள். சிரித்த வேகத்தில் தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று வெளியே வந்து நின்றது.

"யக்கா, இன்னாது அது? வயித்துலேர்ந்து யாரோ எட்டிப் பாக்கறாங்கோ!" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"நீ நடந்தத பாக்க வந்துகீறாண்டி," என்று சொல்லி அடைக்கலமேரி மறுபடி சிரித்தாள். எலுமிச்சை சாத்துக்குடி ஆயிற்று. விரலால் அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து அதற்கு எட்டிப்பாக்கறவன் என்றே பெயர். காலையில் கொட்டகைக்கு வருகிற பெண்கள் அவளை விசாரிப்பதற்கு முன் அவனைத்தான் விசாரித்தார்கள்.

மூன்று மாதத்தில் எட்டிப்பாக்கறவன் திமிர் பிடித்தவன் ஆனான். உள்ளே போகச் சொன்னால் உடனே போவதில்லை. ஒருநாள் முக்கால் மணி நேரம் வெளியிலேயே நின்று, அவளை வியர்க்க வைத்து, பிறகு போனான். ஃப்ளோரன்ஸுக்கு அதற்குமேல் நண்டு நடை வரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே பார்த்தார்கள், எழுதினார்கள், நாலு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். கூட்டம் அப்படி. காப்பீட்டு அட்டை இருந்தால் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சீக்கிரம் முடியும் என்று யாரோ சொன்னதால், ஒவைஸின் ஆட்டோவில் அங்கே போனார்கள். ஒவைஸ் கொட்டகைக்கு ஐஸ் ஏற்றிவருகிறவர். அவர் ஆட்டோவில் உட்கார்ந்தால் கோடையிலும் பல் கிட்டும்.

டாக்டர் சுஜா நாகர்கோவில்காரி. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இருமும்படி சொல்லி, எட்டிப்பாக்கறவனை நேரில் சந்தித்தாள்.

"இது குடல் இறக்கம். தொப்புள் பக்கம் தசை கிழிஞ்சிருக்கு. அது வழியா குடல் வருது. இப்ப உள்ள போகுது, சரி. ஒருநாள் போகாம மாட்டிக்கிட்டுன்னா ரத்த ஓட்டம் நின்னு குடல் அழுகீரும். அப்புறம் உசுருக்கே ஆபத்து, பாத்துக்கிடுங்க. இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிரணும். அதுவரைக்கும் சிரிக்கப்பிடாது, கேட்டியளா?"

"சிர்க்காம எப்பிடி டாக்டர் கீறது?"

"கிழிஞ்ச இடத்துல உள்ளுக்குள்ள ஒரு வலை வச்சுத் தைப்போம். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் சிரிங்க."

"வலையா?" அடைக்கலமேரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நைலானா, நூலா? கண்ணி எம்மாம் பெருசு? நெத்திலி வலையா, வஞ்சிர வலையா?"

டாக்டர் ஒரு மாதிரித் துண்டை எடுத்துக் காட்டினாள். அடைக்கலமேரி அதை வெளிச்சத்தில் பிடித்து, இழுத்துப் பார்த்து, "முடிச்சு சோக்கா கீது. ஆனா இதுல கூனி இறால்கூட மாட்டாது," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எட்டிப்பாக்கறவன் வந்தான். டாக்டர் அவனை உள்ளே தள்ளி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, காப்பீட்டு மேஜைக்கு அனுப்பினாள்.

காப்பீட்டு மேஜையில் இருந்தவர் பக்தவச்சலம். மூக்குக்கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, எதிரில் கைரேகை பார்க்கிற சின்னக் கறுப்புப் பெட்டி. அட்டை சரியாகத்தான் இருந்தது. பெயர் சரி, படம் சரி. அந்தப் பெயருக்கும் படத்துக்கும் உரியவள் இவள்தான் என்று பெட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். பெருவிரலை வைத்தாள். சிவப்பு. ஆட்காட்டி விரல், சிவப்பு. துணியால் துடைத்து, பவுடர் போட்டு, ஊதி, பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். பத்துக்கும் சிவப்பு.

"விரல்ல ரேகையே இல்லம்மா," என்றார் பக்தவச்சலம், திருட்டுப்போன பொருளைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

"இறாலு தின்னுட்ச்சி சார்."

"போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பலாமா?"

அட்டையில் இருந்தது அவள் கணவர் ஸ்டானிஸ்லாஸின் எண். அவர் கடலில் இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து போனவர். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போனும் அன்றைக்கே தண்ணீரில் விழுந்தது. அதை ஒரு சுறா விழுங்கிவிட்டதாகவும், சில நாள் அந்தச் சுறா வயிற்றுக்குள்ளிருந்து மணி அடித்துக்கொண்டே திரிந்ததாகவும் காசிமேட்டில் பேச்சு.

கடைசியாக, கண்ணைப் படம் பிடிக்கிற கருவியை எடுத்தார். பைனாகுலர் மாதிரி இருந்தது. அதை முகத்துக்கு நேராகக் கொண்டுபோனதுதான் தாமதம், அடைக்கலமேரிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் சிரித்தால் கன்னம் மேலேறிக் கண் இரண்டும் கோடாகிவிடும். ஏழு முறை முயன்றார். ஏழு முறையும் கோடுதான் விழுந்தது. எட்டாவது முறை பக்தவச்சலமே சிரித்துவிட்டார். சிரித்ததற்காக வருத்தப்பட்டு உடனே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு பண்ணும்மா. பதினைஞ்சு நாள் ஐஸ் தண்ணில கை வைக்காம, எண்ணெய் தடவிட்டு சும்மா இரு. ரேகை திரும்ப வளரும். கட்டட வேலைக்காரங்களுக்கு அப்படி வந்திருக்கு."

அந்தப் பதினைந்து நாளைப்போல ஒரு திருவிழா காசிமேட்டில் நடந்ததில்லை. கொட்டகைப் பெண்கள் அவள் பங்கு இறாலைப் பகிர்ந்து உரித்தார்கள். அவள் விரல்களுக்கு மூன்று வேளை தேங்காய் எண்ணெய். அதற்குமேல் பருத்தி உறை. பாத்திரம் தேய்க்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மீன் குழம்பில் விரல் படக் கூடாது. ஃப்ளோரன்ஸ் அவளுக்கு ஊட்டிவிட்டாள். ராயபுரத்திலிருந்து காலடிப்பேட்டை வரை அந்த விரல்களைப் பற்றியே பேச்சு. கோயிலில் அவள் நல்ல சுகம் பெறவேண்டி ஒரு ஜெபம், ரேகை வளரவேண்டித் தனியாக ஒரு ஜெபம்.

பதினாலாம் நாள் ஒவைஸ் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "வந்துட்ச்சி எக்கா! மெய்யாலுமே வந்துட்ச்சி! டோல்கேட் ஜங்ஷன் மாதிரி நாலா பக்கமும் ரோடு ஓடுது!"

அடைக்கலமேரி தன் விரலைத் தானே பார்த்தாள். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன் காணாமல் போன யாரோ திரும்பி வந்து வாசலில் நின்ற மாதிரி இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. ஒன்பது மணிக்கு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகலாம் என்று கொட்டகைக்கு வந்தாள். அங்கேதான் அந்த இறால் கூடை இருந்தது. விசைப்படகு ஒன்று தாமதமாக வந்திருந்தது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் அடுத்த கூடையை இழுத்துவர வெளியே ஓடியிருந்தார்கள். வெள்ளை இறால், பெரிது பெரிதாக, ஒவ்வொன்றும் உரிக்க ஆளில்லாமல் அவளையே பார்த்தது. சும்மா உட்கார்ந்து பார்ப்போம் என்று பலகையில் உட்கார்ந்தாள். உறை வெயிலுக்கு இறுக்கமாக இருந்தது, கழற்றினாள். அதற்குப் பிறகு நடந்ததற்கு அவள் பொறுப்பல்ல. கைகள்தான் பொறுப்பு.

ஃப்ளோரன்ஸ் திரும்பி வந்தபோது கூடை காலி. உரித்த இறால் ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம். நடுவில் அடைக்கலமேரி, முகமெல்லாம் மலர்ச்சியோடு.

"யக்கா," என்றாள் ஃப்ளோரன்ஸ் மெதுவாக. "இன்னா காரியம் பண்ணிகீற?"

அடைக்கலமேரி விரலைத் திருப்பிப் பார்த்தாள். டோல்கேட் ஜங்ஷனைக் காணோம். கூழாங்கல்தான் இருந்தது.

"கை சும்மாவே இருந்து பேஜாராப் பூட்ச்சி ஃப்ளோரன்ஸு."

இருந்தாலும் போனார்கள். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "வயித்தப் புடி எக்கா!" என்று கூவிக்கொண்டே ஒவைஸ் ஓட்டினார். பக்தவச்சலம் ஆவலாகக் கறுப்புப் பெட்டியை முன்னால் தள்ளினார். சிவப்பு. விரலைப் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார். இறால் வாசனை. தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அத்தினி பேர் பாத்துகினு கீறாங்கோ, இவதான் அடைக்கலமேரின்னு நான் சொல்றேன். அது பத்தாதா?" என்று ஃப்ளோரன்ஸ் குரல் உயர்த்தினாள்.

"பத்தாதும்மா. போன வருஷம் செத்துப்போனவர் அட்டையை வச்சு இன்னொருத்தர் வந்து மூட்டு ஆபரேஷனே பண்ணிட்டுப் போயிட்டாரு. மேலிடத்துல என்னைத்தான் கேட்டாங்க."

சத்தம் கேட்டு டாக்டர் சுஜா வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். இறால் கூடை வரைக்கும் கேட்டாள். பெருமூச்சு விட்டாள்.

"என் கையில என்ன இருக்கு? குடல் மாட்டிக்கிட்டு வந்தா இங்க எமர்ஜென்சி. விரலும் வேண்டாம், அட்டையும் வேண்டாம், நேரா தியேட்டருக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். மாட்டாம இருக்கிற வரைக்கும் ரேகை கேக்காங்க."

ஃப்ளோரன்ஸ் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை அறிந்தவர்கள் அந்த இடத்தைவிட்டு ஓடியிருப்பார்கள்.

"அப்போ மாட்டிக்கட்டும்! தியேட்டரு இதோ எதிர்லதான கீது. ஒவைஸ் பாய், எக்காவ சிரிக்க வையி!"

டாக்டர் தடுப்பதற்குள் ஃப்ளோரன்ஸ் நண்டு நடையை ஆரம்பித்துவிட்டாள். வரிசையில் நின்றவர்களுக்குக் காரணம் தெரியாது. ஒரு நோயாளியைச் சிரிக்க வைத்தால் ஆபரேஷன் நடக்கும் என்று மட்டும் கேள்விப்பட்டார்கள். உடனே ஆளுக்கு ஒரு பக்கம் முனைந்தார்கள். ஒவைஸ் தன் மாமனார் நாஷ்டா சாப்பிடுவதை நடித்தார். கால் உடைந்த ஒருவர் ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து நாதஸ்வரம் வாசித்தார். மீஞ்சூரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டுக்காரர் எட்டுக் கட்டை குரலில் இருமினார். செக்யூரிட்டி தொப்பியை மூக்கில் மாட்டிக்கொண்டார். கட்டடமே சிரித்தது.

அடைக்கலமேரி மட்டும் சிரிக்கவில்லை.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவில் அப்படியே நின்றாள். பிறகு மேஜைக்கு நேராக வந்தாள்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன். சாவப்போறேன்னு வந்தா கதவு தொறக்கும். சாவாம கீறதுக்கு வந்தா ரேகை இன்னாத்துக்குக் கேக்குது?"

பக்தவச்சலம் கண்ணாடியைச் சரிசெய்தார். "இது அரசாங்கம் நமக்குச் செய்யற உதவிம்மா. உதவின்னா நாலு நிபந்தனை இருக்கத்தான் செய்யும்."

"உதவியா? எங்காண்ட ஒரு பழக்கம் கீது. படகு வந்தா ஏலத்துக்கு முன்னாடி ஒரு கூறு தனியா எடுத்து வைப்பாங்கோ, கடலுக்குப் போவ ஆம்பள இல்லாத வூட்டுக்கு. எம் புருசன் போனப்பறம் ரெண்டு வருசம் நான் வாங்கிகீறேன். யாராண்டயும் கும்புடு போட்டு வாங்கல. ஒருநாள் கூறு சின்னதா இருந்திச்சி, படகாண்டயே நின்னு சண்டை போட்டு ரெண்டு சங்கராவ சேத்து வாங்கினேன். ஏன்னா அது பிச்ச இல்ல, எம் பங்கு. அத்தான் கேக்கறேன். இது எம் பங்கா, நீங்க போடற பிச்சயா?"

ஊன்றுகோல் நாதஸ்வரம் நின்றது. செக்யூரிட்டி தொப்பியைத் தலைக்குக் கொண்டுபோனார்.

"பங்குன்னா சட்டத்துல எழுதியிருக்கணும்மா," என்றார் பக்தவச்சலம். "குடுக்கலன்னா கோர்ட்டுல போய்க் கேக்கற மாதிரி."

"எழுதிகீதா?"

"இருக்குன்னு சிலர் சொல்றாங்க. தெளிவா இன்னும் எழுதணும்னு சிலர் சொல்றாங்க. வக்கீலுங்களே சண்டை போட்டுக்கறாங்க. சரி, எழுதிட்டாங்கன்னே வச்சுக்கோ. இங்க இருக்கறது ரெண்டே தியேட்டர். எழுதிட்டா மூணாவது முளைச்சிடுமா?"

"எழுதாத வரைக்கும் மூணாவது கட்டுன்னு யார நிக்க வச்சுக் கேக்கறது?" என்றாள் அடைக்கலமேரி. "படகு சின்னதா இருந்தா கூறு சின்னதா கெடைக்கும், ஒத்துக்கறேன். இன்னிக்கி மீனு கம்மின்னு சொல்லு, நாளிக்கி வாரேன். ஆனா நீ யாருன்னே தெரியாதுன்னு சொன்னா? முப்பத்தி நாலு வருசம் இந்த ஊருக்கு இறால் உரிச்சுக் குடுத்து விரலு தேஞ்சிகீது. தேஞ்ச விரலக் காட்டுனா, நீ ஆளே இல்லன்னு பொட்டி சொல்லுது. ஏன் நைனா, உங்க பொட்டி இறாலே தின்னதில்லியா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றாள். இமைக்காமல், இரண்டு கண்ணையும் அகல விரித்து, பக்தவச்சலத்தையே பார்த்தபடி நின்றாள். ஐம்பத்தாறு வருஷத்தில் அந்தக் கண்கள் அவ்வளவு நேரம் அவ்வளவு திறந்து யாரும் பார்த்ததில்லை. அவை இளம்பழுப்பு நிறம் என்பதே ஃப்ளோரன்ஸுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்தவச்சலத்தின் கை, அவருக்கே தெரியாத மாதிரி, மேஜைக்கு அடியில் போயிற்று. பைனாகுலரை எடுத்தது. மூச்சுக்கூட விடாமல் நேராக நீட்டியது.

"அசையாதம்மா," என்றார் ரகசியமாக. "கோவமாவே இரு. இன்னும் ரெண்டு செகண்டு கோவமா இரு."

பச்சை.

பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. அந்த வெளிச்சத்தில் பக்தவச்சலத்தின் வெள்ளைச் சட்டை கிளி மாதிரி ஆனது. வரிசை முழுக்கக் கை தட்டியது. அடைக்கலமேரி பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். புரிந்தது. அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! எண்ணூரில் கொக்குகள் எழுந்தன. கப்பல்கள் ஊதின. எட்டிப்பாக்கறவன் சாத்துக்குடி அல்ல, தேங்காயாக வந்து நின்றான்.

"படுங்க! படுங்க!" என்று டாக்டர் சுஜா ஓடிவந்தாள். "சிரிக்கப்பிடாதுன்னு தலபாடா அடிச்சேனே!"

இந்தத் தடவை உள்ளே தள்ள நெடுநேரம் ஆயிற்று. ஒரு கட்டத்தில் டாக்டரின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. ஃப்ளோரன்ஸ் சுவரோரம் நின்று, நண்டு நடையை இனி ஆயுசுக்கும் நடப்பதில்லை என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்தாள். (அந்த வாக்கு பதினொரு நாள் நின்றது.) அவன் போனதும் டாக்டர் நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று பேசவில்லை. அன்று மதியமே தியேட்டர்.

முதுகில் ஊசி போட்டார்கள். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை, வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. திரைக்கு இந்தப் பக்கமிருந்து, "டாக்டர், வலைய ஓரத்துல இழுத்துக் கட்டு. தொங்கவிட்டா மீனு ஓடிடும்," என்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஊசி போட்ட டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டு வந்தாராம்.

ஒன்றரை மாதம் சிரிப்புக்குத் தடை. காசிமேட்டில் அந்த ஒன்றரை மாதமும் பெரிய வெள்ளிக்கிழமை மாதிரியே போயிற்று. தடை முடிவதற்கு முந்தின வாரம் பக்தவச்சலம் கறுப்புப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்து நின்றார். இருபத்து மூன்று பெண்கள். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். பத்தொன்பது பேருக்குச் சிவப்பு. ஃப்ளோரன்ஸுக்கும் சிவப்பு. ஒரு மணி நேரம் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினார். விரல் தேய்ந்தவர்களை யாரென்று அறிய வேறு வழி வேண்டும், அதற்காக யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்தார். உதவி என்று முதலில் எழுதியதை அடைக்கலமேரி படிக்கச் சொல்லிக் கேட்டு, அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டு உரிமை என்று எழுதினார்.

கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் வீம்புக்குப் பெருவிரலையே நீட்டினார்கள். மையில் தோய்த்து வரிசையாக வைத்தார்கள். ஒரு கோடு கிடையாது, ஒரு சுழி கிடையாது. தாள் முழுக்க நீல நிறத்தில் பத்தொன்பது திராட்சை.

பக்தவச்சலம் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக் கவலைப்பட்டார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கேம்மா. இதுல யார் யாருன்னு மேலிடத்துல எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"அத்தான நைனா இவ்ளோ நேரம் மனுவுல எழுதுன!" என்றாள் அடைக்கலமேரி.

சொல்லிவிட்டு, தடையையும் மறந்து, சிரித்தாள். மற்ற பெண்களும் பக்தவச்சலமும், ஐஸ் இறக்கிக்கொண்டிருந்த ஒவைஸும் ஒரே நேரத்தில் அவள் வயிற்றைப் பார்த்தார்கள்.

வலை தாங்கியது.